பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால்

2022 டிசம்பர் 9ஆம் தேதி இலங்கை முழுவதும் அரசுப் பள்ளிகளை மூடினார்கள். வெள்ளமும் இல்லை, கலவரமும் இல்லை. காற்று கெட்டுப்போயிருந்தது. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் மாமல்லபுரம் நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வடக்கிலிருந்து இறங்கிய குளிர்காற்று மாசையும் சுமந்துவந்து தீவின்மேல் கவிந்துகொண்டது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காற்றுத் தரக் குறியீடு ஆபத்தான அளவுக்கு ஏறியது. எல்லை தாண்டி இந்தியப் பக்கத்திலிருந்து வந்த மாசு இது என்று அங்குள்ள தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. அவை குளிர் தாங்காமல் இறந்தவை என்று பிறகு விளக்கம் வந்தது.

கொழும்புக்காவது சொந்தப் புகை இருக்கிறது. துறைமுகம், நெரிசல், லாரிகள், அனல்மின் நிலையம் எல்லாம் அதன் சுற்றுவட்டாரத்தில் உண்டு. யாழ்ப்பாணத்தில் என்ன இருக்கிறது? காங்கேசன்துறை சிமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. மிச்சம் இருப்பவை வெங்காயத் தோட்டமும் புகையிலையும் பனையும் மீன்பிடியும். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வாரம் தொலைபேசியில் பேசியபோது சொன்னார்: “அண்டைக்கு முழுக்க வெய்யில் கண்ணிலை படேல்லை. பனிப்புகார் எண்டுதான் முதலிலை நினைச்சம். தொண்டை அரிக்கத் தொடங்கினாப் பிறகுதான் இது வேறையெண்டு விளங்கிச்சுது.” அவருக்குத் தொய்வு உண்டு. எங்கள் பக்கத்தில் இழுப்பு என்போம்.

நான் இருப்பது அவருக்கு எதிர்க்கரை. வேதாரண்யம் பக்கத்துச் சிற்றூர். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை அறுபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட வீடுகள் எங்களுடையவை. அவருடைய தொண்டையை அரித்த காற்றில் ஒரு பங்கு எங்கள் தலைக்கு மேலாகவும் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் இங்கே பேச்செல்லாம் புயலைப் பற்றித்தான். காற்றில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கருவியும் இல்லை.

சிற்றூர்க்காரர்களுக்குத் தங்கள் காற்றின்மேல் ஒரு நம்பிக்கை உண்டு. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மூச்சை ஆழ இழுத்து, “நம்ம ஊர் காத்தே தனிதான்” என்பார்கள். எங்களுக்கும் அதைக் கேட்கப் பிடிக்கும். தொழிற்சாலை வரவில்லை, வேலை வரவில்லை, நல்ல ஆஸ்பத்திரி வரவில்லை. போகட்டும், காற்றாவது நமக்கு இருக்கிறது என்று மனம் ஆறுதல் கொள்கிறது. வேறெங்கோ கிளம்பும் புகைக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வியும் இந்த ஆறுதலிலிருந்தே பிறக்கிறது. கவலைப்பட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தூய்மைக் கேட்டுக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. புகையைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நூறாண்டாக உலகம் கணக்குப் போட்டுவருகிறது. அந்தத் தொலைவில் குடியிருப்பவர்கள் நாம்.

இந்தத் தொலைவை முதன்முதலாகப் பெரிய அளவில் அளந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதன். ஓசோன் ஆய்வுக்கு நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனோடு சேர்ந்து அவர் நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு 1999 ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடந்தது. விமானங்கள், கப்பல்கள், மாலத்தீவில் தரைநிலையம் என்று விரிந்த ஏற்பாடு. அந்தக் கடலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் வடக்கே இமயம் சுவராக நிற்க, கங்கைச் சமவெளியின் புகை மேலே எழவும் முடியாமல் வடக்கே போகவும் முடியாமல் தேங்கி, வாடைக்காற்றோடு தெற்கே கடல்மேல் இறங்குகிறது. தென்கோளத்தின் தூய காற்றை அது சந்திக்கும் இடம் அங்கே இருக்கிறது. அழுக்கையும் தூய்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. அவர்கள் கண்டது மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடந்த பழுப்புப் படலம். அதில் பெரும்பகுதி மனிதர் எரித்ததால் வந்தது.

பிறகு மாலத்தீவின் வடகோடித் தீவுகளில் ஒன்றான ஹனிமாதூவில் நிரந்தர ஆய்வுநிலையம் அமைந்தது. ஆலை எதுவும் இல்லாத மீனவர் தீவு அது. அங்கே ஒரு கருவி காற்றை இழுத்து வெள்ளை வடிகட்டித் தாளின் வழியே செலுத்தும். தென்மேற்குப் பருவத்தில் பெருங்கடலைக் கடந்துவரும் காற்றில் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். வாடைக்காலத்தில் அதே தாள் கறுத்துப்போகும். தீவில் எதுவும் மாறியிருக்காது, காற்று வரும் திசை ஒன்றுதான் மாறியிருக்கும். தாளில் படிந்த கரியைக் கார்பன்-14 கொண்டு சோதித்தார்கள். நிலக்கரியும் டீசலும் பழைய கார்பன், அவற்றில் கார்பன்-14 இருக்காது. விறகும் சாணியும் வைக்கோலும் நேற்று வளர்ந்தவை, அவற்றில் இருக்கும். புனே அருகே சிங்ககட் மலையிலும் இதே சோதனையைச் செய்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கரியில் ஏறத்தாழ பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, வறட்டி, வைக்கோல் எரித்ததால் வந்தது என்று தெரிந்தது.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். தொலைவிலிருந்து வரும் புகை என்றதும் நம் மனக்கண்ணில் பெரிய புகைபோக்கியும் அதன் கீழே ஒரு முதலாளியும் தோன்றுவார்கள். ஆனால் யாழ்ப்பாணத்து ஆசிரியரின் தொண்டையை அரித்ததில் ஒரு பங்கு, பீகாரிலோ கிழக்கு உத்தரப் பிரதேசத்திலோ கதவடைத்த அடுக்களையில் வறட்டியை ஊதி ரொட்டி சுட்ட ஒரு பெண்ணின் அடுப்பிலிருந்து வந்திருக்கக்கூடும். அவள்மேல் என்ன வழக்குப் போடுவது? அந்தப் புகையை முதலில் குடித்தவள் அவள்தான், நமக்கு வருவது அவள் குடித்த மிச்சம். அவள் வீட்டு அடுப்பில் கேஸ் எரிய வேண்டும் என்று கேட்பதற்கு வேதாரண்யத்துக்காரனுக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் உரிமை உண்டு, சொந்த நலனும் உண்டு. 2016இல் உஜ்வலா திட்டம் இணைப்புக் கொடுத்தது நல்ல காரியம். சிலிண்டரை மறுபடி நிரப்பக் காசில்லாமல் விறகுக்குத் திரும்பும் வீடுகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அந்த மானியத்தை எங்கோ வடக்கே உள்ள ஏழைகளுக்கான செலவு என்று நினைக்கிறோம். நம் நுரையீரலின் கணக்கிலும் அதை எழுத வேண்டும்.

அடுப்புக்குப் பின்னால் ஏழ்மை இருக்கிறது. உயர்ந்த புகைபோக்கிக்குப் பின்னால் இருப்பது திட்டம்.

கனடாவின் டிரெயில் என்ற ஊரில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை ஒன்று, அமெரிக்க எல்லையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளிக் கொலம்பியா ஆற்றங்கரையில் இருந்தது. 1920களில் அங்கே 409 அடி உயரத்துக்குப் புகைபோக்கிகளை எழுப்பினார்கள். கந்தகப் புகை ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, எல்லைக்கு அப்பால் நார்த்போர்ட் என்ற சிறிய ஊரின் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. உழவர்கள் விடவில்லை. இரண்டு அரசுகளும் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 1941இல் வந்த இறுதித் தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்: கேடு பெரிதாக இருந்து சான்றும் தெளிவாக இருந்தால், தன் மண்ணிலிருந்து எழும் புகையால் அடுத்த நாட்டு மண்ணைக் கெடுக்க எந்த நாட்டுக்கும் உரிமை கிடையாது. ஒரு சிற்றூரின் வயல்களிலிருந்து உலகச் சட்டம் ஒன்று முளைத்தது. ஆனால் நார்த்போர்ட்காரர்களுக்கு விரல் நீட்ட ஓர் ஆலை இருந்தது. யாழ்ப்பாணம் யாரை நோக்கி நீட்டும்?

அதே கனடாவில் சட்பரி என்னும் சுரங்க நகரத்தில் 1972இல் 381 மீட்டர் புகைபோக்கி ஒன்றைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு சட்பரியின் காற்று தெளிந்தது உண்மை. கந்தகம் இன்னும் தொலைவுக்குப் போய் ஏரிகளில் விழுந்ததும் உண்மை. பிரிட்டனின் மின்நிலையங்களும் இதே வழியைப் பிடித்தன. அவற்றின் கந்தகம் வட கடலைத் தாண்டி நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மழையாக இறங்கி மீன்களைக் கொன்றது.

இது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தார்கள். சுண்ணாம்புக் கரைசலைத் தெளித்துக் கந்தகத்தைப் பிடிக்கும் கருவியைப் பொருத்த இரண்டு ஆண்டு தவணை தந்தார்கள். தவணை நீண்டது, மறுபடி நீண்டது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு புது அறிவிக்கை வெளியிட்டது. தலைநகர் வட்டாரத்துக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் கருவி பொருத்தியாக வேண்டும். கடுமையாக மாசடைந்த பகுதிகளுக்கும் காற்றுத் தர வரம்பை எட்டாத நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள். மீதிக்கு விலக்கு, புகைபோக்கி உரிய உயரத்தில் இருந்தால் போதும். இந்த மீதிதான் நாட்டின் அலகுகளில் முக்கால் பங்குக்கும் மேல். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு உரிய உயரம் என்பது 275 மீட்டர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் நான்கு மடங்கு.

அரசு சொல்லும் காரணங்களைக் கேட்காமல் தள்ளக்கூடாது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. பெரும்பாலான இடங்களில் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்ளேயே இருக்கிறது. கருவிக்குச் செலவு அதிகம், அது மின்கட்டணத்தில் வந்து விழும். எல்லாம் சரி. ஆனால் கந்தக டை ஆக்சைடு வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. வெயிலிலும் ஈரத்திலும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் அது கந்தக அமிலமாக மாறுகிறது. வழியில் அம்மோனியாவைச் சந்தித்தால் அம்மோனியம் சல்ஃபேட் என்ற நுண்துகளாக உறைகிறது. அந்தத் துகள் ஒரு வாரம்வரை காற்றிலேயே இருக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் வாயுவை அளந்து வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிவைத்தவர், அது துகளாக மாறி எந்த ஊரில் இறங்கியது என்று பார்க்கவில்லை. சட்டம் 10 கிலோமீட்டரில் ஒரு வட்டம் போட்டது. காற்று அந்த வட்டத்தில் நிற்பதாக வேதியியலில் எங்கும் இல்லை. வட்டத்துக்கு உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை பெரியது, வெளியே ஒவ்வோர் ஊரும் சிறியது. சிறிய ஊர்களையெல்லாம் கூட்டினால் என்ன வரும் என்று யாரும் கூட்டவில்லை.

அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் யூரியாவிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும். குறுவைக்கும் சம்பாவுக்கும் மூட்டை மூட்டையாக யூரியா இறைக்கும் டெல்டா எங்களுடையது. தொலைவிலிருந்து வந்த வாயுவுக்கு எங்கள் வயலே கூட்டுச் சேர்ந்து அதைத் துகளாக்குகிறது. உள்ளூர் மாசு, வெளியூர் மாசு என்று இரண்டு கூடையாகப் பிரித்து வைக்க முடியாமல் போவதும் இப்படித்தான்.

உள்ளூரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கவலைக்கு எதிராக வரும் கேள்வி நியாயமானது. ஊர்க் குப்பைமேடு இராத்திரியெல்லாம் எரிகிறது, பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம், இதைவிட்டுக் கங்கைக்கரைப் புகையைப் பேசலாமா? குப்பைமேட்டைத்தான் முதலில் அணைக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளியே விரல் நீட்டி உள்ளூர்க் குற்றத்தை மறைப்பது எங்கும் நடப்பதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்து காயவைப்பார்கள். சாயங்காலம் எடுக்கும்போது வேட்டியின்மேல் கறுப்புக் கறுப்பாகக் கரித்துகள் ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் தீற்றலாகும். இதைத்தான் நாம் காற்று மாசு என்று அறிந்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய துகள் தொலைவு போகாது. பக்கத்திலேயே விழுந்துவிடும். அது குப்பைமேட்டுடையது, அல்லது அரிசி ஆலையுடையது. தொலைவிலிருந்து வருவது தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதது. அது வேட்டியில் ஒட்டாது, வடாமில் தெரியாது, நாற்றமும் அடிக்காது. நுரையீரலின் அடி அறைவரை போவதும் அதுதான். ஆகவே கண்ணும் மூக்கும் சொல்லும் சாட்சியை மட்டும் நம்பினால் உள்ளூர்க்காரன் மட்டுமே எப்போதும் மாட்டுவான். மற்றவன் பெயர் வெளியே வராது.

பெயர் வரவேண்டுமானால் அளக்க வேண்டும். என் கைப்பேசியில் எங்கள் ஊரின் பெயரைத் தட்டினால் காற்றுத் தரத்துக்கு ஓர் எண் வருகிறது. அந்த எண்ணைத் தரும் கருவி எங்கள் ஊரில் இல்லை. எங்கோ இருக்கும் நிலையத்தையும் செயற்கைக்கோளையும் வைத்துக் கணினி போடும் கணக்கு அது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் 131 நகரங்களுக்கு விரிந்தது. சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி அதில் உண்டு. அதன் பெயரிலேயே தேசம் இருக்கிறது, பட்டியலில் நகரங்கள் மட்டும் இருக்கின்றன. காற்று மாநில எல்லையைத் தாண்டும் என்று ஒப்புக்கொண்டு ஆணையம் அமைத்த சட்டம் 2021இல் வந்தது. அதுவும் டெல்லி வட்டாரத்துக்காக. டெல்லிக்கு வரும் புகைக்கு ஆணையம் தேவை என்றால், டெல்லியைத் தாண்டிப் போகும் புகைக்கும் ஒன்று தேவை.

நாடுகளுக்கு இடையிலும் ஒரு காகிதம் உண்டு. தெற்காசியாவில் எல்லை தாண்டும் காற்று மாசைத் தடுக்க மாலேயில் 1998இல் இந்தியா, இலங்கை உள்ளிட்ட எட்டு நாடுகள் ஒரு பிரகடனம் செய்தன. யாரையும் கட்டுப்படுத்தும் வலிமை அதற்குக் கிடையாது. 2022 டிசம்பரில் அது இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்டதாக நினைவில்லை. நுண்துகளுக்கான ஆண்டு வரம்பு இந்தியாவில் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், இலங்கையில் 25, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. எங்கள் கரையில் தேறிவிடும் காற்று பாக் நீரிணையைக் கடந்ததும் தோற்றுப்போகிறது.

ஐரோப்பாவில் இது மாறியது எப்படி என்று படித்தபோது எனக்குத் தெம்பு தந்தது ஒரு மழைப் பதிவேடு. 1940களின் இறுதியில் ஸ்வீடனில் ஹான்ஸ் எக்னேர் என்னும் மண்ணியலாளர் ஊர் ஊராக மழைநீரைப் பிடித்து அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று எழுதிவைக்க ஏற்பாடு செய்தார். மழையால் வயலுக்கு எவ்வளவு உரச்சத்து கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அமில மழை என்ற நினைப்பே அப்போது யாருக்கும் இல்லை. பக்கத்து நாடுகளும் சேர்ந்துகொண்டன. இன்னொரு ஸ்வீடன் மண்ணியலாளர் ஸ்வான்டே ஓடேன் 1960களில் அந்தப் பதிவுகளை எடுத்து வரிசைப்படுத்தினார். மழை ஆண்டுக்கு ஆண்டு புளித்துவருவதும், அந்தப் புளிப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெரிந்தன. 1967இல் அவர் நாளிதழில் எழுதினார். 1979இல் ஜெனீவாவில், பனிப்போரின் இரண்டு பக்கத்து நாடுகளும் ஒரே உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. எவன் நாட்டுக் கந்தகம் எவன் மண்ணில் எவ்வளவு விழுகிறது என்று ஆண்டுதோறும் அட்டவணை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் புகைபோக்கிகளில் கருவிகள் ஏறின.

எங்கள் வட்டாரத்திலும் அப்படியொரு பதிவேடு இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைக்கும் அறை. குளிர்காலக் காலை நேரத்தில் பெஞ்சில் இடம் இருக்காது. தாய்மார் மடியில் குழந்தைகள், முகமூடியைப் பிடுங்கி எறியப் பார்க்கும் குழந்தைகள், விலா எலும்பு உள்வாங்க மூச்சு வாங்கும் பெரியவர்கள். “வீசிங்கா? எத்தனை நாளா?” என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் நீள நோட்டில் தேதி, பெயர், வயது, ஏற்றிய மருந்து எல்லாவற்றையும் எழுதுகிறார். மருந்து இருப்புக் கணக்குக்காக எழுதப்படும் நோட்டு அது. வருஷம் முடிந்தால் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். பெயர்களை விட்டுவிட்டு, எந்த நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும் எடுத்து, வாடைக்காற்று எங்கிருந்து வந்தது என்று வானிலைத் துறை வைத்திருக்கும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குளிராலும் இழுப்பு வரும், சளிக்காய்ச்சலாலும் வரும், போகிப் புகையாலும் வரும். அவற்றைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், அதற்கு முறை தெரிந்தவர்கள் வேண்டும். நாகப்பட்டினத்தில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் அதைவிடப் பல ஆண்டு மூத்தது. இரண்டு கரையிலும் ஒரே குளிர்காலத்து நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்க வேண்டும், தூக்கிப்போடுவதற்கு முன்னால்.